கந்தசட்டியும் சீனிக் குளிசையும்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையொன்றில் மேசை துடைத்ததிலோ, ஒருகொடவத்தையில் கொள்கலன்களிலிருந்து பெட்டி இறக்கியதிலோ, கொட்டாஞ்சேனை லொட்ஜில் ஏழு பேர் படுத்த அறையில் எட்டாவது ஆளாகப் படுத்ததிலோ வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெட்கப்படுவது படித்த காலத்தை நினைத்துத்தான்.

ஒருகொடவத்தைக் களஞ்சியத்துக்கு மருந்துப் பெட்டிகள் வரும். அவற்றின் பக்கங்களில் அச்சடித்திருந்த பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் எனக்கு ஆங்கிலம் வாசிக்க வந்தது. மருந்தெடுக்க வரும் கொட்டாஞ்சேனைக் கடை முதலாளி ஒருநாள், நான் பெட்டியின் பெயரைச் சத்தமாக வாசித்து அடுக்குவதைக் கேட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வருடம் கடையின் பின்னறையில் மாத்திரைகளைப் பத்துப் பத்தாகக் கடதாசிப் பைகளில் போட்டேன். பிறகு அவர் சொன்னார்: “கையில ஒரு சேட்டிபிகேட் இல்லாம ஒன்ன கவுண்டர்ல நிப்பாட்டேலா. எங்கயாச்சும் ஒரு கோர்ஸ் செஞ்சிட்டு வா.”

அந்த கோர்ஸ் வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில், சனி ஞாயிறுகளில் நடந்தது. நடத்தியவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். சேர்ந்த அன்று, “ஓ.எல். பாஸ்தானே?” என்று பள்ளிப் பொதுப் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். “ஓம் சேர்” என்றேன். அந்த ‘ஓம்’ கூட என்னுடையதில்லை. எங்கள் பக்கத்தில் ‘ஆமா’ என்போம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் முதல் நாளே இரண்டு பொய்களை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் அதுவும் பெரிய வெட்கமில்லை. என் பேச்சு இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. நான் படியேறி வரும்போது முன்வாங்கில் இருந்த பெண் ஒருத்தி, “தோட்டத்து டொக்டர் வாறார், எழும்பி நில்லுங்கோ” என்பாள். மற்றவர்கள் உண்மையாகவே எழும்பி நிற்பார்கள்.

கொப்பியில் இரண்டு கோடு அடித்து மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்வார் சேர். முதல் பத்தியில் நோய், நடுவில் மருந்து, கடைசியில் கவனிக்க வேண்டியவை. அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் எழுதுவோம். நடுநடுவே தமிழில் விளக்குவார், அதில் பாதி அவருடைய பழைய மேலதிகாரிகளைப் பற்றியதாக இருக்கும். மற்றவர்கள் கருத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் இல்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு நோயையும் எனக்குத் தெரிந்த ஓர் ஆளின் மேல் ஏற்றிவைத்தேன்.

அப்போது நான் வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வகுப்புக்கு வசதியாக ஒரு வீட்டின் பின்னறைக்கு மாறியிருந்தேன். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, அறை அறையாகக் கொடுத்து வாழ்ந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண். வயது ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் சுவிஸில் அகதி வழக்குப் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். வீட்டிலிருந்த எல்லோரும் அவரை அன்ரி என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். முன்னறையில் கனடா போகக் காத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார், அவருக்கு இழுப்பு. பக்க அறையில் வங்கியில் வேலை பார்த்த ஓர் இளைஞர், அவருக்கு வயிற்றெரிவு. அன்ரிக்குச் சீனி வருத்தம்.

இப்படி ஒரே கூரையின் கீழ் என் பாடப்புத்தகம் இருந்தது. பெரியவர் மூச்சு இழுக்கும்போது நான் மனதுக்குள் இழுப்பின் மருந்துகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். வங்கிக்காரர் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைத் தடவினால் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். ஒருநாள் அவரிடம் வயிற்று மருந்தை எப்போது குடிக்க வேண்டும் என்று சொன்னேன். எரிவு குறைந்துவிட்டது. அன்றிலிருந்து அன்ரி என்னை ‘டொக்டர் தம்பி’ ஆக்கினார். வகுப்பில் நக்கலாகச் சொன்ன அதே சொல்லை இந்த வீட்டில் மரியாதையாகச் சொன்னார்கள். எனக்கு அது போதையாக இருந்தது. யாராவது தும்மினால்கூட அறையிலிருந்து வெளியே வந்து நிற்பேன்.

நீரிழிவுப் பாடத்துக்கு வகுப்பில் சோதனை வைத்தார்கள். அன்ரியை நினைத்து நினைத்துப் பாடமாக்கியதால் இருபதுக்கு இருபது எடுத்தேன். சேர் என்னை எழுப்பிவிட்டு முன்வாங்கைப் பார்த்தார். “உங்களுக்கெல்லாம் ஓ.எல். இருக்கு, வாயைத் திறந்தால் காத்துத்தான் வருது. நீ சொல்லு மகன், சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கினால் என்ன செய்யும்?” நான் மூச்சு விடாமல் சொன்னேன்: ஸ்வெட்டிங், ட்ரெமர், ஹங்கர், கொன்பியூஷன். வியர்வை, நடுக்கம், பசி, புத்தித் தடுமாற்றம். முன்வாங்குப் பெண் திரும்பிப் பார்த்தாள். அன்று சேலைக் கடைப் படியில் இறங்கும்போது என் கால் நிலத்தில் படவில்லை.

ஐப்பசியில் கந்தசட்டி வந்தது. தொடங்குவதற்கு முதல் நாள் மாலை நான் கிணற்றடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தேன். அன்ரி தன் மருந்துப் பையோடு வந்தார்.

“தம்பி, நாளையில இருந்து ஆறு நாளும் விரதம். பகலில தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கமாட்டன். இரவில பாலும் பழமும்தான். இந்தக் குளிசையை என்ன செய்யிறது?”

“எப்பவும் என்ன செய்வீங்க?”

“முந்தி விரதம் எண்டால் போடுறேல்ல. சாப்பிடாமல் என்னத்துக்குச் சாப்பாட்டுக் குளிசை எண்டு விட்டிடுவன். ஒண்டும் செய்ததில்லை. இந்த முறை நீ வீட்டில நிக்கிறாய், கேட்டுச் செய்வம் எண்டு பாத்தன்.”

அவர் இருபது வருடமாகத் தன் யோசனையில் செய்துவந்தது சரி. எனக்கு அது தெரியவில்லை. என் தலைக்குள் இருந்தது, பாடத்தின் தொடக்கத்தில் சேர் மூன்று தரம் சொன்ன ஒரு வசனம்: நீரிழிவு மருந்தை ஒருநாளும் தவறவிடக் கூடாது.

“அய்யய்யோ, அப்படி விடவே கூடாது அன்ரி” என்றேன். “சீனி ஏறிரும். கண்ணு போயிரும், காலு போயிரும். காலையில வழக்கம்போல போட்டுருங்க.”

“விரதம் முறியாதோ?”

“மருந்துதானே? ஒரு வாய்த் தண்ணில முழுங்கிருங்க. முருகன் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு.”

அவர் சிரித்தார். “டொக்டரும் நீதான், ஐயரும் நீதானோ?” குளிசையைப் பைக்குள் வைத்தபடி, மகளுடைய வழக்கு இந்த மாதம் எடுபடுகிறது, அதற்காகத்தான் இம்முறை இறுக்கமாகப் பிடிக்கிறேன் என்றார். நான் சட்டையைப் பிழிந்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய் என் கொப்பியைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு நான் கெட்டிக்காரனாகியிருந்தேன்.

இதற்கு நடுவே பொலிஸ் பதிவு என்ற ஒன்று இருந்தது. போர் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர் எந்த வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டின் பதிவில் பெயர் இருக்க வேண்டும். பொலிஸ் முத்திரை குத்திய துண்டைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது கொட்டாஞ்சேனை லொட்ஜின் பழைய துண்டு, அதுவும் காலாவதியானது. அன்ரி மூன்று தரம், “வா தம்பி, ஒருக்காப் போய்ப் பதிஞ்சிட்டு வருவம்” என்று கூப்பிட்டார். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், கையில் கொட்டாஞ்சேனைத் துண்டு, இருப்பது வெள்ளவத்தையில். ஏன் இப்படி ஊர் ஊராக அலைகிறாய் என்று அரை நாள் வாங்கில் உட்காரவைத்துக் கேட்பார்கள். வெளியே விடாமலும் இருக்கலாம். நான் இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று கடத்தினேன்.

விரதத்தின் மூன்றாம் நாள் காலை கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்காக ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முடியும் இடத்தில் திடீர்ச் சோதனை. ஆண்களை ஒரு வரிசையாகவும் பெண்களை ஒரு வரிசையாகவும் நிறுத்தியிருந்தார்கள். நான் செவ்விளநீர் விற்கும் வண்டியின் மறைவில் நின்றுவிட்டேன். அங்கிருந்து திரும்பி, கடற்கரை ரயில் பாதையோடு நடந்து இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் ஏறிவிடலாம். துண்டு இல்லாதவர்கள் செய்வது அதுதான்.

திரும்பும்போதுதான் அன்ரியைக் கண்டேன். கோயிலுக்குப் போகப் புறப்பட்டவர், பெண்கள் வரிசையில் முன்னுக்கு நின்றார். கையில் பூவும் கற்பூரமும் வைத்த துணிப்பை. மழைக்கால மூட்டம், காலைக் காற்று கடலிலிருந்து குளிராக வந்துகொண்டிருந்தது. அன்ரியின் சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. முகத்திலிருந்து வியர்வை வடிந்தது. அடையாள அட்டையை நீட்டிய கை, பார்க்கும் யாருக்கும் தெரியும்படி நடுங்கியது.

இராணுவக்காரன் அட்டையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். “அய் பயவென்னே?” என்று கேட்டான். ஏன் பயப்படுகிறாய்? “பேக் எக்கே மொகத?” பையில் என்ன?

அன்ரிக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். மீன்காரனோடு மல்லி, அய்யே என்று தம்பி, அண்ணன் முறை சொல்லிப் பேசிச் சிரித்து விலை குறைப்பவர். அன்று அவர் தமிழில், யாருக்கோ பதில் சொல்வதுபோல, “பூவுக்குச் சல்லி குடுத்திட்டன்... அவள் போன் எடுக்கேல்ல... இன்னும் எடுக்கேல்ல...” என்றார். இராணுவக்காரன் இரண்டாம் தரம் சத்தமாகக் கேட்டான். அவர் சிரித்தார். பை கையிலிருந்து நழுவி வீதியில் விழுந்தது.

வியர்க்கும், நடுங்கும், கேட்டதற்குப் பதில் சொல்லாத ஒரு தமிழ்ப் பெண், கீழே ஒரு பை. அந்த நாட்களில் அதற்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது. யாரோ குண்டு என்று கத்தினார்கள். இரண்டு வரிசைகளும் உடைந்து பின்னால் ஓடின. துப்பாக்கிகள் உயர்ந்தன. நடுவில் அன்ரி மட்டும் ஆடிக்கொண்டு நின்றார்.

ஸ்வெட்டிங், ட்ரெமர், ஹங்கர், கொன்பியூஷன். வகுப்பில் சொன்ன அதே வரிசையில் எனக்குள் அது ஓடியது. அந்த வீதியில் நின்ற நூறு பேரில் என்ன நடக்கிறது என்று அறிந்தவன் நான் ஒருவன். ‘சீனி அடுவெலா, மஹத்தயா’ என்றால் போதும். சீனி குறைந்துவிட்டது, ஐயா. அந்த அளவு சிங்களம் எனக்குத் தாராளமாக வரும். இருபது அடி தூரம். என் கை எட்டும் இடத்தில் அவருக்கான மருந்து குலைகுலையாகத் தொங்கியது, ஒரு செவ்விளநீர் வெட்டினால் போதும்.

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பழைய துண்டு இருந்தது. வண்டிக்காரன் குந்தியிருந்த இடத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்ரியின் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். ஓடவில்லை, ஓடினால் சந்தேகப்படுவார்கள். வேலைக்குப் போகிறவனின் நடையில், ரயில் பாதைவரைக்கும், வெடிச்சத்தம் கேட்குமா என்று பிடரியால் கேட்டுக்கொண்டே போனேன். கேட்கவில்லை.

கடையில் அன்று பத்துப் பத்தாக எண்ணிய மாத்திரைகளில் எட்டும் பன்னிரண்டும் இருந்தன. “ஏண்டா, பேய் புடிச்சவன் மாதிரி இருக்க?” என்று முதலாளி கேட்டார். காய்ச்சல் என்றேன். அவர் ஒரு பரசிட்டமோல் தந்தார். விழுங்கினேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது முன்னறைப் பெரியவர் வாசலில் நின்றார். “அன்ரியைப் பொலிஸுக்குக் கொண்டு போனவங்கள். அங்க விழுந்து, இப்ப ஆஸ்பத்திரியில. சீனி இறங்கிப் போச்சாம். நீ ஒருக்காப் போய்ப் பாக்கிறியே? உனக்கெண்டால் டொக்டர்மார் சொல்லுறது விளங்கும்.”

அங்கே பொலிஸ் காவல் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும்போல என்றார். வகுப்பு வேலை இருக்கிறது என்று சொல்லி அறைக்குள் போனேன். வங்கிக்காரர்தான் போனார்.

கொப்பியை அப்போதுதான் திறந்தேன். மூன்றாம் பத்தியில், என் சொந்தக் கையெழுத்தில், சிவப்பு மையில், சோதனைக்கு வரும் என்று சேர் அடிக்கோடு போடச் சொன்ன வசனம் இருந்தது: உணவைத் தவிர்த்தால் அந்த வேளை மருந்தையும் தவிர்க்க வேண்டும். அதையும் நான் பாடமாக்கியிருந்தேன். ஆங்கிலத்தில், பிழையில்லாமல். அதற்கும் இரண்டு புள்ளி வாங்கியிருந்தேன்.

அன்ரி இரண்டு நாள் கழித்து வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் ஊசி ஏற்றிய இடம் நீலமாக இருந்தது. குசினிக் கதிரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். பொலிஸில் ஒரு சிங்களப் பெண் பொலிஸுக்குத்தான் முதலில் விளங்கியதாம்.

“அவளின்ர தாய்க்கும் இதே வருத்தமாம். தேத்தண்ணிக்கு வைச்சிருந்த சீனியை அள்ளி என்ர வாய்க்குள்ள அப்பியிருக்கிறாள். இல்லாட்டி அங்கயே முடிஞ்சிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். அந்தப் பிள்ளை என்ன, உன்னைப்போல கோர்ஸ் படிச்சவளே?”

நான் அவருக்குத் தேத்தண்ணி போட அடுப்பைப் பற்றவைத்தேன்.

“டொக்டர் என்னைப் பேசினார். சாப்பிடாமல் குளிசை போடச் சொன்ன மடையன் ஆர் எண்டு கேட்டார். நானாத்தான் போட்டனான் எண்டு சொல்லிப்போட்டன். பொலிஸும் வீட்டில ஆரார் எண்டு கேட்டவங்கள். பதிஞ்ச ரெண்டு பேரைத்தான் சொன்னன். உன்ர பேர் வாயில வரேல்ல.”

அப்போதுதான், “நான் சொன்னது பிழை அன்ரி” என்றேன். “எங்க நோட்ஸ்லயே இருந்துச்சு. பாக்காமச் சொல்லிட்டேன்.”

“சரி விடு. படிக்கிற பிள்ளைதானே. விரதம் முறிஞ்சதுதான் எனக்குக் கவலை. அவளின்ர கேஸ் என்னாகுமோ தெரியாது.” கொஞ்ச நேரம் தன் கையிலிருந்த நீலத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு அந்த இடத்தில, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில, நீ நிண்டமாதிரி இருந்தது. கண்டன் எண்டுதான் நினைக்கிறன். நிண்டனியே?”

முதல் குற்றத்தைச் சொன்னபோது என் குரல் இடறியது. இரண்டாவதுக்கு இடறவில்லை.

“நான் அப்ப பஸ்ல போயிட்டேன் அன்ரி. சீனி இறங்குனா அப்படித்தான். இல்லாத ஆளுங்க எல்லாம் கண்ணுக்குத் தெரிவாங்க. கொன்பியூஷன்னு அதுக்குப் பேரு. நோட்ஸ்ல இருக்கு.”

நோட்ஸில் அப்படி ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அந்த விளக்கத்தை நான்தான் அந்த இடத்தில் உண்டாக்கினேன். அதுவரைக்கும் நான் படித்ததைத் தெரியாமல் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தே சொன்னது அதுதான் முதல் தரம்.

அன்ரியின் முகம் தெளிந்தது. “அப்பிடியே? அதுதான் பாத்தன்.” கதிரையில் சாய்ந்துகொண்டார். “ஆஸ்பத்திரியில கிடந்து ரெண்டு நாளும் அதைத்தான் யோசிச்சனான். பிள்ளை நிண்டவன், கண்டவன், ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்ல எண்டு. மனசு ஆறவேயில்லை. உன்னில பிழையா நினைச்சுப்போட்டன் தம்பி. குறை நினையாத.”

“பரவால்ல அன்ரி” என்றேன்.